ராமேஸ்வரம் கரைக்கு ஒரு வெள்ள வரைபடம்: புள்ளி விழாத இடத்தை முதலில் பாருங்கள்

கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டது: “அண்ணே, 2015 வெள்ளத்தப்போ சென்னையில எந்தத் தெருவுல தண்ணி நிக்குதுன்னு மக்களே வரைபடத்துல குறிச்சாங்கன்னு படிச்சேன். ராமேஸ்வரம், கீழக்கரை மாதிரி சின்ன ஊருக்கும் அப்படிச் செய்ய முடியுமா? செஞ்சா என்ன பிரயோஜனம்? எங்ககிட்ட வாட்ஸ்அப் குழு இருக்கே, அது போதாதா?”

தம்பி, முடியும். பெரிய நகரங்களைவிட நம்ம கரைக்குத்தான் இது கூடுதலாகத் தேவை. ஆனால் சென்னையில் செய்ததை அப்படியே இங்கே இறக்கினால் நாலு புள்ளியோடு நின்றுபோகும். ஏன் என்பதைச் சொல்ல வாட்ஸ்அப் குழுவிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் மண்டபத்துக்காரன். நில அளவை வேலையில் சங்கிலி பிடித்துத் தொடங்கியவன். கடந்த பத்து வருஷமாக, யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இந்தக் கரையின் தெருக்களையும் சந்துகளையும் வரைந்துகொண்டிருக்கிறேன். மனசுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2024 நவம்பர் 20-ஆம் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்தில் பத்தே மணி நேரத்தில் 41 செ.மீ. மழை. தங்கச்சிமடத்தில் 32, மண்டபத்தில் 26. பாம்பனில் மூன்று மணி நேரத்துக்குள் 19 செ.மீ. கொட்டித் தீர்த்தது. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையே 80 செ.மீ. சொச்சம்தான். பாதி வருஷத்து மழை ஒரே நாளில் இறங்கியது. மணல் பூமி, எவ்வளவு பெய்தாலும் உறிஞ்சிவிடும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அன்றைக்கு மணலும் கைவிட்டது.

இந்த எண்கள் எல்லாம் மழைமானிக்குள் விழுந்த தண்ணீரின் கணக்கு. எந்தச் சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றது, எந்த வீட்டில் அரிசி மூட்டை நனைந்தது, எந்தத் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் திரும்பியது, எத்தனை மணிக்குத் தண்ணீர் வடிந்தது என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதையெல்லாம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

அன்றைக்கு நான் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்தே படங்கள் வந்து குவிந்தன. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள், பேருந்து நிலையம், கடைத்தெரு. ஒரே இடத்தின் படத்தை ஏழெட்டுப் பேர் போட்டார்கள். சாயங்காலம் நாங்கள் சிலர் உட்கார்ந்து, வந்த செய்திகளை வைத்து எங்கே உதவி தேவை என்று ஒரு பட்டியல் போட்டோம். மீனவர் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு படம்கூட வரவில்லை. அங்கே பெரிய பாதிப்பு இருக்காது என்று நாங்களே முடிவு கட்டினோம். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், அங்கே முந்தின நாள் காலையிலேயே கரண்ட் போய், செல்போன் கோபுரமும் படுத்து, எல்லாருடைய போனும் அணைந்துபோயிருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் அப்போதும் நின்றுகொண்டிருந்தது. ஒரு அம்மா, “ஏப்பா, நேத்தே வருவீகன்னு நெனச்சோம்” என்று மட்டும்தான் சொன்னார். நாங்கள் போட்ட பட்டியலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் பேசுகிறவர்கள் தெரிவார்கள். பேச முடியாதவர்கள் தெரிய மாட்டார்கள். வரைபடம் இருந்தால் செய்தி வராத இடம் வெறுமையாகக் கண்முன் நிற்கும். ஆனால் அந்த வெறுமையைப் பார்த்து, “இங்கே வீடுகள் இருக்கின்றனவே, ஏன் ஒரு தகவலும் இல்லை?” என்று கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். அந்தப் பழக்கம் இல்லையென்றால் வரைபடமும் வாட்ஸ்அப் குழுவைப் போலவே ஏமாற்றும்.

இது நம்ம கரைக்குப் புதிய பாடமும் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. இருட்டு, கடும் காற்று, மழை. சிக்னல் அணைந்ததே ஒரு செய்திதான். அங்கே ஏதோ நடந்துவிட்டது என்ற செய்தி. அதைப் படிக்க வழியில்லாமல், ஓட்டுநர் நீளமாக விசில் கொடுத்துவிட்டு மேலே போனார். ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. தந்திக் கம்பிகள் அறுந்து, பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள் சரிந்து, தீவே துண்டிக்கப்பட்டதால் தனுஷ்கோடி அழிந்த செய்தி வெளியே வரவே நேரமாயிற்று. அதே ரயில் பாலத்தில் பின்னாளில் காற்றளவி வைத்தார்கள். காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும்படி அமைத்திருந்தார்கள். சந்தேகம் இருந்தால் நிறுத்து என்பதை ஒரு கருவிக்குள் எழுதிவைத்தார்கள். நம் வரைபடத்திலும் அதே புத்தி வேண்டும். தகவல் வராத குடியிருப்பைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நல்லபடியாக இருக்கிறோம் என்று அங்கிருந்து ஒருவர் சொன்ன பிறகுதான் பச்சை.

சரி, ரேடாரும் செயற்கைக்கோளும் இருக்கும்போது மக்கள் எதற்கு என்று கேட்பார்கள். உங்களிடம் கட்டாயம் யாராவது கேட்பார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். காரைக்காலில் டாப்ளர் ரேடார் இருக்கிறது. அங்கிருந்து ராமேஸ்வரம் கிட்டத்தட்ட 190 கி.மீ. ரேடார் கற்றை லேசாக மேல்நோக்கிப் போகிறது, பூமியோ வளைந்து கீழே இறங்குகிறது. அதனால் நம்ம தலைக்கு மேல் வரும்போது அந்தக் கற்றை மூன்றரை கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும். அதற்குக் கீழே மேகம் செய்யும் வேலையில் பாதி அதற்குப் புலப்படாது. மழை எவ்வளவு என்று ஓரளவு ஊகிக்கலாம், தெருவில் தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்லவே சொல்லாது.

செயற்கைக்கோள் ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், உண்மைதான். ஆனால் ஒரு முறை வந்துவிட்டுப் போனால் மறுபடி வரச் சில நாள் ஆகும். மூன்று மணி நேரத்தில் ஏறி, ராத்திரிக்குள் வடிந்துவிடும் தண்ணீர் அதன் கண்ணில் படாமலே போய்விடும். நம்ம மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாலிநோக்கம் பக்கத்து உப்பளம், ஆர்.எஸ். மங்கலம் கண்மாய், தரவை எனும் தாழ்ந்த புல்வெளிகளில் தேங்கும் நீர், நெல் வயல் எல்லாமே மேலிருந்து பார்த்தால் தண்ணீர்தான். எது எப்போதும் இருக்கும் தண்ணீர், எது இன்றைக்கு வந்த தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல உள்ளூர்க்காரர் வேண்டும்.

மற்ற ஊர்களில் எப்படிச் செய்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008-இல் கென்யாவில் தேர்தலுக்குப் பிறகு கலவரம் நடந்தபோது, எங்கே என்ன நடக்கிறது என்று மக்களே குறுஞ்செய்தி மூலம் பதிவு செய்ய உஷாஹிதி என்ற தளம் பிறந்தது. ஸ்வாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குச் சாட்சியம் என்று பொருள். 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் அதே தளம் உதவியது. 2014 டிசம்பரில் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஆரம்பித்த முயற்சிதான் நமக்கு அதிகம் பயன்படும். ட்விட்டரில் யாராவது ‘பஞ்ஜிர்’ என்று எழுதினால் (அவர்கள் மொழியில் வெள்ளம்), ஒரு தானியங்கிக் கணக்கு உடனே அவரிடம், “உங்கள் பகுதியில் வெள்ளமா? இடத்தைக் காட்ட முடியுமா?” என்று கேட்டது. அவர் உறுதி செய்தால்தான் புள்ளி விழுந்தது. சும்மா புலம்பியவரைச் சாட்சி சொல்ல வைத்த அந்த ஒரு கேள்வியில்தான் அதன் வெற்றி இருக்கிறது. பேரிடர் அதிகாரிகளும் அதே வரைபடத்தைப் பார்த்து வேலை செய்தார்கள். அந்த மென்பொருளின் வழித்தோன்றலை மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்குழு 2017-இல் சென்னையிலும் சோதித்துப் பார்த்தது.

நீங்கள் படித்த 2015 சென்னை வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் எழுந்தது. தெருவின் கோட்டைத் தொட்டால் அது வெள்ளம் சூழ்ந்த தெரு என்று நிறம் மாறும். ஆயிரக்கணக்கான தெருக்கள் அப்படிக் குறிக்கப்பட்டன. நானும் இங்கிருந்தபடியே, சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சில தெருக்களைக் குறித்தேன். ஒன்றைக் கவனியுங்கள்: தொடுவதற்கு அங்கே தெரு இருந்தது. பல வருஷமாகத் தன்னார்வலர்கள் சென்னையின் தெருக்களை வரைந்து பெயர் எழுதி வைத்திருந்ததால்தான் அது ஒரே நாளில் முடிந்தது. நம்ம கரையில் அந்த அடிப்படை வேலையே பாதிதான் ஆகியிருக்கிறது.

அதனால் முதல் வேலை மழைக்கு முன்னால் செய்ய வேண்டியது. ஊர்களையும் தெருக்களையும் அவற்றின் உண்மையான பெயரோடு வரைபடத்தில் ஏற்ற வேண்டும். பாம்பன் என்றால் வெளியூர்க்காரருக்கு ஒரு பாலம். நமக்குத் தெற்குவாடி வேறு, சின்னப்பாலம் வேறு, அக்காள்மடம் வேறு. ராமேஸ்வரத்தில் ஓலைக்குடா, சங்குமால், சேராங்கோட்டை. அவசர நேரத்தில் ஒருவர், “சங்குமால்ல தண்ணி ஏறிருச்சு” என்று சொன்னால், அதைக் கேட்கும் ஆள் மதுரையில் இருந்தாலும் வரைபடத்தில் அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு வரைய யாராலும் முடியும், பெயரை உள்ளூரில் கேட்டுத்தான் எழுத வேண்டும். பள்ளி, தேவாலயம், பள்ளிவாசல், கோயில், ரேஷன் கடை, அங்கன்வாடி, கைப்பம்பு, மீன் ஏலம் போடும் கூடம், புயல் பாதுகாப்பு மையம் என்று எல்லாவற்றையும் ஏற்றுங்கள். மின்கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும் குறித்துவையுங்கள். கும்மிருட்டிலும் டார்ச் அடித்துப் படிக்கக்கூடிய முகவரி அது ஒன்றுதான்.

அடுத்தது, ஒரு செய்தியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது. இதில்தான் எல்லா ஊரிலும் சறுக்குகிறார்கள். “எங்க ஏரியாவுல பயங்கர வெள்ளம்” என்ற செய்தியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எங்கே, எப்போது, எவ்வளவு ஆழம், என்ன தண்ணீர் ஆகிய நாலும் வேண்டும்.

ஆழத்தைச் சென்டிமீட்டரில் கேட்காதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு என்று கேட்டால் ஆச்சி முதல் பேரன் வரை பதில் சொல்வார்கள். வளர்ந்த ஆளின் முழங்கால் என்று மட்டும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் தண்ணீரில் இருசக்கர வண்டி போகாது, இடுப்புத் தண்ணீர் என்றால் படகு அனுப்ப வேண்டும், ஆள் தூக்க வேண்டும். உதவிக்குப் போகிறவனுக்கு அந்த வித்தியாசம்தான் தெரிய வேண்டும்.

என்ன தண்ணீர் என்ற கேள்வியைச் சென்னைக்காரர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். நாம் கேட்டே ஆக வேண்டும். இங்கே வீட்டுக்குள் வருவது மழைத்தண்ணீராக இருக்கலாம், கடல்தண்ணீராக இருக்கலாம், கண்மாய் உடைந்து வந்ததாக இருக்கலாம், சாக்கடை எதிர்த்து ஏறியதாக இருக்கலாம். நாலுக்கும் வைத்தியம் வேறு. மழைத்தண்ணீர் வடிய வழிவிட்டால் போய்விடும். கண்மாய்த் தண்ணீர் மழை விட்டு வெயில் அடிக்கும்போதுகூட வந்து நிற்கும். கடல்தண்ணீர் வந்தால், வடிந்த பிறகும் கிணறும் ஊற்றும் கெட்டுக் கிடக்கும். நம்ம தீவில் மணல்மேட்டுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர், கீழே இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. மேலிருந்து கடல் ஏறினால் அந்த வில்லை கெட்டுவிடும், மறுபடி இனிக்க எத்தனையோ மழை பெய்ய வேண்டும். வீட்டுக்குள் வந்தது உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்று அந்த வீட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது.

வடகடலா தென்கடலா என்பதையும் எழுதுங்கள். பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காற்றில் அடிவாங்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் அமைதியாகக் கிடக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் வடக்கே நிற்கும் விசைப்படகுகளைப் பாம்பன் கால்வாய் வழியாகத் தெற்கே கொண்டுபோய் நிறுத்துவது அதனால்தான். எந்த இடத்தில் நங்கூரம் அறுந்தது, எங்கே படகு கரை தட்டியது, எங்கே பத்திரமாக நின்றது என்று மூன்று நாலு புயலுக்குக் குறித்துவைத்தால், அடுத்த முறை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்பதற்கு அதுவே சான்றாகும். வீட்டை மட்டும் வரைந்து படகை விட்டுவிட்ட வரைபடம் மீனவருக்குப் பாதிதான்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது அது ராமநாதபுரம் கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று நின்று பெய்தது. ‘எப்போது கரையைக் கடக்கும்’ என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அது நகரவே இல்லை. அப்படிப்பட்ட நாளில் காலையில் போட்ட புள்ளி சாயங்காலம் பொய்யாகிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் இருக்க வேண்டும், ஆறு மணி நேரம் ஆனதும் அது மங்கிவிட வேண்டும், “வடிந்துவிட்டது” என்று சொல்லவும் ஒரு வழி இருக்க வேண்டும். “இந்த ரோட்டில் தண்ணீர் இல்லை, போகலாம்” என்ற செய்தியும் வெள்ளச் செய்தி அளவுக்கு மதிப்புள்ளது. தீவுக்கு இருக்கும் ஒரே சாலைப் பாலம் பாம்பன் பாலம். அதன் இரு பக்கமும் வழி திறந்திருக்கிறதா என்பதுதான் அன்றைக்கு முதல் கேள்வியாக இருக்கும்.

வாட்ஸ்அப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. கையில் இருப்பது அதுதான், மக்களுக்குப் பழகியதும் அதுதான். வரைபடத்துக்குத் தகவல் வரும் வாசலாக அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் இடக்குறிப்பு அழிந்துவிடும். அதனால் படத்தோடு ‘லொகேஷன்’ தனியாக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது குரல் செய்தி. “தெற்குவாடி, மாதா கோயிலுக்குக் கெழக்கே ரெண்டாவது சந்து, முழங்கால் தண்ணி, உப்புத் தண்ணி, காலையில ஆறு மணிக்கு ஏறுச்சு” என்று ஒரு அக்கா பேசி அனுப்பினால் அதில் எல்லாமே இருக்கிறது. எழுதத் தெரிய வேண்டாம், செயலி இறக்க வேண்டாம். உங்களைப் போன்ற மாணவர்கள் நாலு பேர் கரண்ட் இருக்கும் ஊரில் உட்கார்ந்து அதைக் கேட்டுப் புள்ளி வைக்கலாம். பழைய வீடியோவைப் புதிதென்று பரப்புகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அதனால் ஒரே இடத்தைப் பற்றி ஒருவரையொருவர் சாராத இரண்டு பேர் சொன்ன பிறகுதான் உறுதி என்று குறியுங்கள். அதுவரை ‘விசாரணையில்’ என்று இருக்கட்டும்.

ஒவ்வொரு குடியிருப்புக்கும் இரண்டு பேரைப் பொறுப்பாக முன்பே பேசிவையுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஆண்கள் கடலுக்குப் போயிருக்கலாம், படகைக் காப்பாற்றப் போயிருக்கலாம்; வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்ப்பவர் பெரும்பாலும் பெண்தான். மழை நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் சிவப்பு. போன் இயங்கவில்லை என்றால் அடுத்த ஊர்க்காரர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். அன்றைக்கு எங்களிடம் இது மட்டும் இருந்திருந்தால் அந்த அம்மா ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

தகவல் திரும்பிப் போகும் வழியும் வேண்டும். நம்மிடம் பாம்பனில் கடல் ஓசை 90.4 இருக்கிறது. மீனவர்களுக்கென்றே 2016 முதல் ஒலிபரப்பாகும் சமுதாய வானொலி. பேட்டரி போட்ட ரேடியோவுக்குச் செல்போன் கோபுரம் தேவையில்லை. வரைபடத்தில் சேரும் செய்தியை அதில் வாசித்தால், வரைபடத்தைப் பார்க்க வழியில்லாதவருக்கும் போய்ச் சேரும். அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070 ஆகிய எண்களுக்குத்தான் பேச வேண்டும். உங்கள் வரைபடத்தின் முகப்பிலேயே அதைப் பெரிதாக எழுதிவிடுங்கள். புள்ளி வைத்துவிட்டோம், ஆள் வந்துவிடும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். வெள்ளம் வடிந்த பிறகு என்ன செய்வது?

தண்ணீர் போன மறுநாள் சுவரைப் பாருங்கள். கறை ஒரு கோடாக நிற்கும். ஒரு வாரத்தில் வெயிலும் சுண்ணாம்பும் அதை அழித்துவிடும். அதற்குள் ஒரு பெயிண்ட் டப்பாவோடு தெருத் தெருவாகப் போய், வீட்டுக்காரரிடம் கேட்டு, கோட்டின் மேல் ஒரு குறியும் தேதியும் போடுங்கள். பிறகு ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அவரிடம் டியூப் லெவல் இருக்கும், தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையை இந்த வீட்டுக் கறையில் பிடித்து மறுமுனையை எதிர் வீட்டில் வைத்தால் இரண்டும் ஒரே மட்டமா, எது உயரம் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். இப்படி வீடு வீடாக மட்டத்தைக் கடத்திக்கொண்டு போகலாம். தெருக்கோடியில் இருக்கும் கோயில் படிக்கட்டையோ பாலத்துக் கைப்பிடியையோ ஒரு நிலையான மட்டமாக வைத்துக்கொண்டால், தெரு முழுக்கத் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நின்றது, எங்கே பள்ளம், எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்ற கணக்கு கைக்கு வந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நில உயரக் கணக்கில் சில மீட்டர் பிழை சாதாரணம். மலை நாட்டில் அது பரவாயில்லை. நம்ம கரையில் பல குடியிருப்புகளே கடல்மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் மேலேதான் இருக்கின்றன. அந்தக் கணக்கை வைத்து எந்த வீடு மூழ்கும் என்று சொல்வது, மீன் தராசில் பொன் நிறுப்பது போல. கொத்தனார் குழாயின் பிழை ஒரு விரற்கடை. தண்ணீர் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுகிற பொறியாளர் எவருக்கும் இந்தக் கோடுகள் கிடைத்தால் அவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

மழை அளப்பதையும் நீங்களே செய்யலாம். 1997 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் திடீர் வெள்ளம் வந்து ஐந்து பேர் இறந்தார்கள். ஊரின் ஒரு பக்கம் 35 செ.மீ.க்கு மேல் கொட்டியிருந்தது. மறு பக்கத்தில் அதில் சிறு பங்குதான். ஊரின் அதிகாரபூர்வ மழைமானி அந்த உச்ச மழையைக் காட்டவில்லை. மறு வருஷமே அங்கே வீட்டுக்கு வீடு மழைமானி வைக்கும் தன்னார்வலர் இயக்கம் ஆரம்பமாகி, இன்று அந்த நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. நமக்கு நேராக நிற்கும் எவர்சில்வர் டப்பா போதும். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்துச் சுவரோ தென்னையோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளித் திறந்த வெளியில் வையுங்கள். காலை 8.30-க்கு அளவுகோலை விட்டு அளந்து எழுதுங்கள்; வானிலைத் துறையின் கணக்கும் அந்த நேரத்துக்குத்தான், ஒப்பிட வசதி. ராமேஸ்வரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே அன்றைக்கு 15 செ.மீ. வித்தியாசம். நடுவில் இருபது டப்பா இருந்திருந்தால் அந்த மழை எங்கே எப்படி ஏறி இறங்கியது என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 1964-க்குப் பிறகு தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் முகுந்தராயர் சத்திரத்திலும் கம்பிப்பாட்டிலும் மீனவக் குடும்பங்கள் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்கள் பிழைப்பு அந்தக் கடலில். ஒரு இடத்தை ‘வெள்ளம் வரும் இடம்’ என்று நாம் குறிக்கும்போது, பட்டா இல்லாத குடும்பத்துக்கு அது காலி செய்யச் சொல்லும் காகிதமாகத் திரும்பி வரலாம் என்ற பயம் இருக்கிறது. அந்த பயம் நியாயமானது. எனவே புள்ளியை வீட்டின் மேல் வைக்காமல் தெருவின் மேல் வையுங்கள். வீட்டுக்காரர் பெயர், முகம், போன் எண் எதுவும் பொது வரைபடத்தில் வரக் கூடாது. ஊர்க் கூட்டத்தில் வரைபடத்தை விரித்துக் காட்டி, எதை வெளியிடலாம், எதை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே முடிவு செய்யட்டும். வடிகால் கேட்டு மனு எழுதும்போது அதே வரைபடத்தை அவர்களே இணைத்துக் கொடுக்கலாம். மூன்று வருஷம் தேதியோடு ஒரே தெருவில் முழங்கால் தண்ணீர் என்று காட்டினால், ‘இந்த வருஷம் அபூர்வ மழை’ என்று சொல்லி யாரும் அனுப்பிவிட முடியாது.

ஐப்பசி பிறப்பதற்குள் ஒரே ஒரு தெருவில் ஆரம்பியுங்கள். உங்கள் தெருவாகவே இருக்கட்டும். வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள், அவர்கள் பார்த்ததில் தண்ணீர் அதிகம் ஏறியது எந்த வருஷம், எந்தப் படி வரை என்று. அவர்கள் கை வைத்துக் காட்டும் இடத்தில் சுவரில் கோடு போட்டுவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொத்தனாரையும் குழாயையும் கூட்டிக்கொண்டு கீழக்கரைக்கு வந்துவிடுகிறேன்.